நீங்கள் இல்லாத அறையில் உங்கள் ரேட்டிங்

[திரையில்: மூடிய கதவு. உள்ளே மேலாளர்கள் ஐந்தாறு பேர்.]

வணக்கம். அப்ரைசல், அதாவது ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கான மதிப்பீடு, என்றதும் மேலாளருக்கு எதிரே உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பல பெரிய நிறுவனங்களில் அந்தப் பேச்சுக்கு முன்பே ரேட்டிங் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மேலாளர்கள் கூடி, தங்கள் குழுவினரின் மதிப்பெண்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். இதைக் காலிப்ரேஷன் கூட்டம் என்பார்கள். "இவர் நன்றாக வேலை செய்கிறார்" என்று உங்கள் மேலாளர் சொன்னால், "அப்படி என்ன செய்தார்?" என்று இன்னொருவர் கேட்பார். அதற்கான பதிலை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்திருக்க வேண்டியவர் நீங்கள்.

அவருக்கே எல்லாம் தெரியுமே என்று நினைக்காதீர்கள். பத்துப் பேரின் பன்னிரண்டு மாத வேலையை யாராலும் மனதில் வைத்திருக்க முடியாது. கடைசியில் நடந்தது பெரிதாகத் தெரியும், தொடக்கத்தில் நடந்தது மங்கிப்போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. 1920-இல் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருப்பவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களை ஆராய்ந்தார். அறிவு, உடல் தகுதி, தலைமைப் பண்பு எனத் தனித்தனியாகக் கொடுத்தவை எல்லாம் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. ஒட்டுமொத்த அபிப்பிராயம் ஒன்று எல்லாவற்றின் மீதும் சாயம் பூசியிருந்தது. தேதியோடு எழுதிய குறிப்புதான் இந்த இரண்டுக்கும் மருந்து.

[திரையில்: ஒரு குறிப்பேடு. மூன்று வரிகள்.]

வாரக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். என்ன செய்தேன், யாருக்குப் பயன்பட்டது, எது மாறியது: இந்த மூன்று வரி போதும். பாராட்டி வந்த மின்னஞ்சல்களையும் அங்கேயே சேர்த்து வையுங்கள்.

சுய மதிப்பீட்டுப் படிவத்தில் பலர் இப்படி எழுதுகிறார்கள்: "வாடிக்கையாளர் புகார்களைத் திறம்படக் கையாண்டேன்." இதை எடுத்துக்கொண்டு உங்கள் மேலாளர் யாரிடமும் வாதாட முடியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

[திரையில் வரிவரியாக]
"பிப்ரவரியில் ஒரு புகாருக்குப் பதில் அனுப்ப மூன்று நாள் ஆனது. அடிக்கடி வரும் புகார்களை வகைபிரித்து, பதில் வரைவுகளை எழுதி வைத்தேன். ஜூலை முதல் ஒரே நாளில் பதில் போகிறது. இரவுப் பணிக் குழுவும் இந்த வரைவுகளையே பயன்படுத்துகிறது."

கடைசி வரியைக் கவனியுங்கள். உங்கள் வேலை உங்கள் மேசையைத் தாண்டிச் சென்றிருக்கிறது. உயர்ந்த ரேட்டிங்குக்கு இதைவிட வலுவான சான்று அரிது.

எண்ணே இல்லாத வேலையா? நீங்கள் தடுத்த தவறை எழுதுங்கள். அது நடந்திருந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பதையும் எழுதுங்கள்.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தனியாகச் செய்ததைக்கூட அடக்கத்தோடு "நாங்கள் செய்தோம்" என்போம். படிவத்தில் அது உங்களையே மறைத்துவிடும். உங்கள் பங்குக்கு "நான்" என்று எழுதுங்கள். உடன் உழைத்தவர்களின் பங்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள், அதுதான் நேர்மை.

இதற்கெல்லாம் முன்னால், ஆண்டின் தொடக்கத்திலேயே மேலாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "எனக்கு உயர்ந்த ரேட்டிங் வேண்டும் என்று நீங்கள் வாதாட, நான் என்ன செய்து முடித்திருக்க வேண்டும்?" கொடுத்த வேலையைக் குறையின்றி முடித்தால் பெரும்பாலும் "எதிர்பார்ப்பை நிறைவு செய்தார்" என்ற நடு ரேட்டிங்தான் கிடைக்கும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது இந்தக் கேள்வியில்தான் தெரியவரும். பதிலை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் இலக்கு மாறினால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சில இடங்களில் இத்தனை பேருக்குத்தான் உயர் ரேட்டிங் என்ற வரம்பு இருக்கும். ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஊழியர்களை மேலே 20, நடுவில் 70, கீழே 10 சதவீதமாகப் பிரித்தது. ஊழியர்களை இப்படி வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது. வரம்பு உள்ள இடத்தில் நல்ல உழைப்பும் நடுவில் நின்றுபோகலாம். அது வலிக்கும். அப்போதும் "எந்த இடத்தில் பின்தங்கினேன்?" என்று மேலாளரிடம் நிதானமாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, புதிய ஆண்டின் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதி வையுங்கள்.