ட்ரூடோவின் முயல்களும் ஆம்பர்சனின் நாணயமும்: ஒரு நுரையீரல் மாநாட்டின் விருதுகள்

[காட்சி: மாநாட்டு அரங்கு. வரிசையாகப் போஸ்டர் பலகைகள், அவற்றின் முன் நின்று பேசும் இளம் ஆய்வாளர்கள்.]

வணக்கம். அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி ஆண்டுதோறும் மே மாதம் நடத்தும் சர்வதேச மாநாட்டுக்கு, பல நாடுகளிலிருந்து நுரையீரல் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகிறார்கள். காசநோய், ஆஸ்துமா, தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடை, தீவிர சிகிச்சை என்று அங்கு பேசப்படாத பொருள் இல்லை. அந்தச் சங்கத்தின் உயரிய கௌரவங்களான ட்ரூடோ பதக்கத்தையும் ஆம்பர்சன் சொற்பொழிவையும் பற்றி இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். ஒரு சிகிச்சை பலன் தருகிறது என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வியை, அந்தப் பெயர்களுக்கு உரிய இருவருமே விடாமல் கேட்டவர்கள்.

[காட்சி: ஏரி நடுவே ஒரு சிறு தீவு.]

எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ ஒரு மருத்துவர், காசநோயாளியும்கூட. நியூயார்க் நகரை விட்டு அடிரான்டாக் மலைப்பகுதிக்குச் சென்ற பிறகு உடல் தேறியதால், தூய காற்றும் ஓய்வும் நல்ல உணவும் நோயைத் தணிக்கும் என்று நம்பி, 1884-ல் சரனாக் லேக் என்ற ஊரில், காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியம் ஒன்றைத் தொடங்கினார். தாம் பிழைத்ததையே சான்றாகக் காட்டி அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் பதினைந்து முயல்களை எடுத்து, ஐந்து ஐந்தாகப் பிரித்தார். முதல் ஐந்துக்குக் காசநோய்க் கிருமியைச் செலுத்தி, வெளிச்சமில்லாத ஈரமான இடத்தில் அரைகுறை உணவோடு அடைத்தார். இரண்டாவது ஐந்தை, கிருமி செலுத்தாமல், அதேபோன்ற மோசமான சூழலில் வைத்தார். மூன்றாவது ஐந்துக்குக் கிருமியைச் செலுத்தி, ஒரு தீவில் வெயிலிலும் காற்றிலும் நல்ல உணவோடு அவிழ்த்துவிட்டார். அடைபட்டிருந்த முதல் ஐந்தில் நான்கு மடிந்தன. தீவில் திரிந்த ஐந்தில் நான்கு பிழைத்தன. கிருமி செலுத்தப்படாதவை மெலிந்துபோயினவே தவிர, அவற்றுக்குக் காசநோய் வரவில்லை. நோய்க்குக் காரணம் கிருமிதான் என்பதையும், அதைத் தாங்கும் வலிமையைச் சூழல் மாற்றக்கூடும் என்பதையும் ஒரே ஆய்வில் காட்டியதால், அந்த இரண்டாவது குழுவே இதில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன்.

அவர் பெயரிலான பதக்கம் 1926 முதல் வழங்கப்படுகிறது. காசநோய்ப் பரிசோதனைக்கான டியூபர்குலினைத் தூய்மைப்படுத்திய ஃப்ளாரன்ஸ் சைபர்ட் 1938-ல் அதைப் பெற்றார். 1984-ல் பெற்றவர் மேரி எலன் ஏவரி. குறைமாதக் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்திலேயே மூச்சுத்திணறி இறப்பதற்கு, நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளின் குறைபாடே காரணம் என்று, ஜெர் மீட் என்பவருடன் சேர்ந்து 1959-ல் காட்டியவர் அவர். இளவயதில் அவருக்கும் காசநோய் வந்திருந்தது.

[காட்சி: மேலே சுண்டப்படும் நாணயம்.]

காசநோய் மருத்துவரான ஜேம்ஸ் பர்ன்ஸ் ஆம்பர்சன் எதிர்கொண்ட சிக்கல் வேறு. அவர் காலத்தில் சானோகிரைசின் என்ற தங்கக் கலவை காசநோய்க்கு மருந்தாகப் புகழ்பெற்றிருந்தது. அவரும் சக ஆய்வாளர்களும் 1931-ல் வெளியிட்ட ஆய்வில், 24 நோயாளிகளைக் கூடியவரை ஒத்த இரு குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு மருந்து என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்தார்கள். மற்றக் குழுவுக்கு வெறும் காய்ச்சி வடித்த நீரே ஊசியாகப் போடப்பட்டது. தங்களுக்குப் போடப்படுவது எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. முடிவில், அந்த மருந்தால் பலன் இல்லை, தீங்குதான் உண்டு என்று தெரிந்தது.

சானடோரியத்தின் தேவையும் பின்னர் இவ்வாறே சோதிக்கப்பட்டது, அதுவும் சென்னையில். 1959-ல் வெளியான அந்த ஆய்வில், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் வீட்டிலும் மற்றவர்கள் சானடோரியத்திலும் மருந்து உட்கொண்டனர். வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்குச் சற்றும் குறைந்ததல்ல என்ற முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

[காட்சி: நுரையீரல் தழும்பேறுவதைக் காட்டும் வரைபடம்.]

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறி இறுகும் ஐபிஎஃப் என்ற நோய்க்கு, பிரெட்னிசோன், அசதயோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தருவது வழக்கத்தில் இருந்தது. 2012-ல் வெளியான ஆய்வில், இந்தக் கூட்டு மருந்தைப் பெற்ற 77 பேரில் 8 பேரும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற 78 பேரில் ஒருவரும் இறந்திருந்தனர். நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்ட மருந்து உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது என்பது, ஒப்பிட்டுப் பார்த்ததால் மட்டுமே வெளிப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 மே மாதம் சான் டியேகோவில் கூடிய மாநாட்டில் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரு மருந்துகளின் ஆய்வு முடிவுகள் அறிவிக்கப்பட்டன. மூச்சை நன்றாக இழுத்து முழு பலத்தோடு ஊதும்போது வெளிவரும் காற்றின் அளவு, இந்த நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். நின்டெடானிப் ஆய்வுகளுள் ஒன்றில், போலி மருந்து பெற்றவர்களுக்கு அந்த அளவு ஓராண்டில் ஏறத்தாழ 240 மில்லிலிட்டர் குறைய, மருந்து பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 115 மில்லிலிட்டர்தான் குறைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இரண்டு மருந்துகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை, அது முற்றும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. என்-அசிட்டைல்சிஸ்டீனைத் தனியாகக் கொடுத்தாலும் பலன் இல்லை என்ற முடிவும் அந்த மாநாட்டில்தான் வெளியானது. வீண் மருந்து ஒன்றிலிருந்து நோயாளிகளை விடுவித்த அந்த முடிவை, மற்ற இரண்டுக்கும் நிகரானதாகவே நான் மதிக்கிறேன்.