அரண்மனைக்குள் ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவில் பழைய நகரம் பார்க்கப் போகிறோம் என்றால் ரோமா, ஏதென்ஸா என்றுதான் கேட்பார்கள். நானும் என் மனைவியும் போனது ஸ்பிலிட் என்ற ஊருக்கு. குரோஷியா நாட்டில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கிறது. அங்கே சுமார் 1,700 ஆண்டு பழைய ரோமானிய அரண்மனை ஒன்று உண்டு. அதற்குள் இன்றைக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. மக்கள் வாழ்ந்ததால்தான் அந்தக் கட்டடம் பிழைத்தது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

கட்டியவர் டயோக்ளீஷியன். 284-இல் பேரரசரானவர், 305-இல் தானாகவே பதவியைத் துறந்தார். ஆயுள் முழுக்க ஆள்வதுதான் ரோமானியப் பேரரசர்களின் வழக்கம், இவர் விலகிக்கொண்டார். பிறந்த மண்ணான சலோனாவுக்குப் பக்கத்தில், ஓய்வுக் காலத்துக்கென்று கட்டிய மாளிகை இது. ஏறக்குறைய 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். சுற்றிலும் கோட்டை மதில், நாலு பக்கமும் நாலு வாசல். எதிரே தெரியும் பிராச் தீவிலிருந்து வெட்டி வந்த வெள்ளைக் கல். தெற்கு மதிலின் காலடியில் அன்று கடல் இருந்தது. இன்று அங்கே கடலைத் தூர்த்துப் போட்ட நடைபாதையும் பனைமரங்களும் இருக்கின்றன. மறுபடி ஆட்சிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டவர்களிடம், நான் என் கையால் பயிரிட்ட காய்கறிகளைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று அவர் சொன்னதாக ஒரு பழைய குறிப்பு உண்டு.

ஏழாம் நூற்றாண்டில் அவார்களும் ஸ்லாவியர்களும் படையெடுத்து வந்தபோது சலோனா நகரம் அழிந்தது. உயிர் தப்பிய மக்கள் இந்த மதிலுக்குள் வந்து ஒதுங்கினார்கள். அப்படியே தங்கிவிட்டார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் வைத்து வீடு கட்டினார்கள். மதிலின் வளைவுகளை அடைத்து ஜன்னல் வைத்தார்கள். கிழக்கு வாசல் வழியாக நாங்கள் உள்ளே நுழைந்ததும் என் மனைவி கேட்டார்: “ஏங்க, அரண்மனை எங்கே? டிக்கெட் எங்கே வாங்கணும்?” அரண்மனையில்தான் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே நடக்க டிக்கெட் கிடையாது, அது ஊரின் தெரு. தலைக்கு மேலே கொடியில் துணி காய்ந்தது. கதீட்ரலுக்கும் நிலவறைகளுக்கும்தான் கட்டணம்.

அந்தக் கதீட்ரல் முதலில் டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிய கல்லறை. வெளியே எண்கோணம், உள்ளே வட்டம், மேலே செங்கல் குவிமாடம். கிறிஸ்தவர்களைக் கடுமையாக வதைத்த பேரரசர் அவர். 304-இல் உயிரிழந்த சலோனாவின் ஆயர் டோம்னியஸும் அந்த வதையில் பலியானவர். அவர் பெயரில்தான் இன்று அந்தக் கதீட்ரல் இருக்கிறது. பேரரசரின் உடல் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. வாசலில் 1214-ஆம் ஆண்டு ஆந்திரியா புவினா செதுக்கிய மரக்கதவுகள் இருக்கின்றன. 28 சதுரங்களில் இயேசுவின் வாழ்க்கை. மணிக்கூண்டு ஏறலாம், படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே குவிமாடத்துக்குக் கீழே சிற்ப வரிசை ஒன்று சுற்றி ஓடுகிறது. அதில் இரண்டு முகங்கள். ஒன்று டயோக்ளீஷியன், இன்னொன்று அவர் மனைவி பிரிஸ்கா என்கிறார்கள். என் மனைவி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். பிரிஸ்காவின் கதை வேதனையானது. கணவர் இங்கே தோட்டம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் பிரிஸ்கா, மகள் வலேரியாவோடு கிழக்கே இருந்தார். விதவையான வலேரியாவை இன்னொரு பேரரசர் மணக்கக் கேட்டார், அவள் மறுத்தாள்; தாயும் மகளும் சிரியாப் பக்கம் துரத்தப்பட்டார்கள். மகளை என்னிடம் அனுப்பிவிடுங்கள் என்று டயோக்ளீஷியன் ஆள் மேல் ஆள் அனுப்பிக் கேட்டும் பலனில்லை. அவர் இறந்த பிறகு, ஒளிந்து திரிந்த இருவரும் தெசலோனிக்காவில் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார்கள். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். உலகத்தையே ஆண்டவர் தன் மகளை வீட்டுக்கு வரவழைக்க முடியாமல் போயிருக்கிறார். அந்த இரண்டு முகங்களைப் பார்க்காமல் யாரும் திரும்பிவிடாதீர்கள். வழிகாட்டிகள் சிலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

நான் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பிடித்தது நிலவறைகள். தரை கடலை நோக்கிச் சரிவதால், பேரரசரின் அறைகளைச் சமமாகத் தாங்க அடியில் இந்த வளைவு மண்டபங்களைக் கட்டினார்கள். பிற்காலத்தில் மேலே குடியிருந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டுக் குப்பையையும் கழிவையும் கீழே கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நிரம்பிக் கெட்டித்தது. அந்தக் குப்பைதான் மண்டபங்களைக் கலையாமல் காத்தது. 20-ஆம் நூற்றாண்டில் அள்ளி வெளியேற்றியபோது, மேலே மறைந்துபோன பேரரசரின் அறைகள் எப்படி அமைந்திருந்தன என்பது கீழிருந்தே தெரிந்தது. அடியில் இருந்த மண்டபங்களும் மேலே இருந்த அறைகளும் ஒரே அமைப்பு.

அப்புறம் சலோனா. நகரப் பேருந்திலேயே போகலாம். பெரிய ரோமானிய நகரமாக இருந்த இடம். இன்று வயல்வெளியில் அடித்தளங்களும் அரைவட்டப் படிகளும் கிடக்கின்றன. ஒரே காலத்து மனிதர்கள், ஒரே மாதிரிக் கொத்தர்கள். ஆள் இல்லாத ஊர் தரைமட்டம், ஆள் இருந்த அரண்மனை இன்றும் நிற்கிறது. போகும் வழியில் உயரமான கல் வளைவுகளின் மேல் பழைய நீர்க்கால்வாய் தெரியும். யாத்ரோ ஆற்றின் ஊற்றிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர், பம்பு இல்லாமல், சாய்வை மட்டும் நம்பி அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைப் பழுதுபார்த்து மறுபடி தண்ணீர் ஓட விட்டார்கள். ஸ்பிலிட் மக்கள் இன்றும் குடிப்பது அதே யாத்ரோ ஊற்றுத் தண்ணீரைத்தான். எனக்கு அந்தக் கால்வாயைத் தொட்டுப் பார்த்தது மறக்காது.

ஒரு கவலையும் சொல்ல வேண்டும். மதிலுக்குள் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணிகளுக்கான வாடகை அறைகளாக மாறி வருகின்றன. குடியிருந்தவர்கள் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். படையெடுப்பிலும் பிழைத்த அந்தக் குடியிருப்பை நம் போன்ற விருந்தாளிகளே காலி செய்கிறோமே என்பது எனக்கு உறுத்துகிறது. அதனால் நாங்கள் மதிலுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளித் தங்கினோம். காலையில் பத்து நிமிடம் நடந்தால் அரண்மனை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கிழக்கு வாசலை ஒட்டிய காய்கறிச் சந்தையில் சோபார்னிக் கிடைக்கும். மெல்லிய மாவுக்குள் கீரை வைத்துத் தணலில் சுட்டு, ஆலிவ் எண்ணெயும் பூண்டும் தடவித் தருகிறார்கள். காலையிலேயே போங்கள். தெருக்கல் பல நூறு ஆண்டு நடையில் வழவழப்பாகிவிட்டது, மழை பெய்தால் வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு அவசியம். 2023 முதல் அங்கே யூரோ செல்லும், ஷெங்கன் விசா போதும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் அதிகம். முடிந்தால் மே 7-ஆம் தேதியை ஒட்டிப் போங்கள். அன்றுதான் டோம்னியஸ் திருவிழா, ஊரே கடற்கரைக்கு வந்துவிடும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.