சர்டிஃபிகேட்ல ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரு: எங்க பாப்பாவுக்குப் பேர் வச்ச கதை

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? தொட்டில் போட்ட அன்னைக்கு எடுத்த வீடியோவுக்குக் கீழ வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே கேள்விதான். "அக்கா, பாப்பா பேரு என்ன?" இன்னைக்குச் சொல்லிடுறேன். அதோட, அந்தப் பேரை ஏன் வச்சோம், சர்டிஃபிகேட்ல எதை எழுதினோம், வீட்டுல எப்படிக் கூப்பிடுறோம்னு எல்லாத்தையும் பேசப் போறேன். பொண்ணு பிறந்து இப்போ பேரு தேடிட்டு இருக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா முழுசா கேளுங்க.

சர்டிஃபிகேட்ல காந்திமதி. வீட்டுல மதி.

என் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலி டவுண். அங்க நெல்லையப்பர் கோயில்ல அம்பாள் பேரு காந்திமதி. ஆடிப்பூரத் திருவிழாவுல அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும், அந்த வளையலை வாங்கறதுக்குப் பொண்ணுங்க கூட்டமா நிப்பாங்க. எங்க பக்கம் இப்படித்தான், ஊருக்கு ஒரு அம்மன், அந்த அம்மன் பேர்ல தெருவுக்கு நாலு பொண்ணுங்க. சங்கரன்கோவில்னா கோமதி, தென்காசின்னா உலகம்மாள், குற்றாலம்னா குழல்வாய்மொழி. குழல்வாய்மொழின்னு ஒரு பேரைச் சொல்லிப் பாருங்களேன், வாயே இனிக்கும்.

காந்திமதி எங்க அத்தை பேரும் கூட. அத்தைன்னா என் மாமியார். முதல் பேத்திக்கு அப்பாவைப் பெத்தவங்க பேரை வைக்கிறது அவங்க வீட்டு வழக்கம். அத்தை ஒரு நாள்கூட "என் பேரை வை"ன்னு வாயைத் திறந்து கேட்கலை. ஆனா தொட்டில்ல போட்டு காதுல பேரு சொல்ற நேரத்துல அவங்க முகத்தைப் பார்த்தேன், எல்லாம் அதுலயே தெரிஞ்சுது.

நான் போன்ல ஆதிரை, யாழினி, நிலான்னு ஒரு பட்டியலே வச்சிருந்தேன். எல்லாமே நல்ல பேருதான். ஆனா அத்தை பேரைக் கேட்டதும் எனக்கே பிடிச்சுப் போச்சு, அதை மனசாரச் சொல்றேன்.

எங்க அப்பாவைப் பெத்த ஆச்சிதான் முதல்ல குறுக்க வந்தாங்க. "ஏட்டி, நாளைக்கு அது சேட்டை பண்ணும்லா? அப்ப 'ஏ காந்திமதி, இங்க வாட்டி'ன்னு வைவியா? ஒங்க அத்தை அடுப்படியில நிப்பாவ, அவுக மனசு என்ன பாடுபடும்?" அப்படின்னாங்க. இது சும்மா சொல்ற பேச்சு இல்லைங்க. மாமியார் பேரை மருமக வாயால சொல்ற வழக்கம் நம்ம வீடுகள்ல கிடையாது. புருஷன் பேரையே சொல்லாத காலம் அது. அதனாலதான் பெரியவங்க பேரை வச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் கூடவே ஒரு கூப்பிடுற பேரு வந்துச்சு. பாப்பா, அம்மு, ராசாத்தி, செல்லம்மா, தங்கம், குட்டி, இதெல்லாம் கொஞ்சுறதுக்காக மட்டும் வந்த பேரு இல்ல. பெரியவங்க பேரை மரியாதையா பத்திரமா வச்சுக்கிறதுக்காகவும் வந்த பேரு. அந்த மரியாதை எனக்கும் வேணும்.

அப்போ கூப்பிடுற பேரு ஒண்ணு வேணும். அது என்ன பேரா இருக்கணும்? இங்கதான் நான் உங்ககிட்டச் சொல்ல வந்த விஷயமே இருக்கு. வீட்டுப் பேரு சர்டிஃபிகேட் பேருக்குள்ள இருந்தே வரணும். காந்திமதிக்குள்ள மதி இருக்கா. மீனாட்சிக்குள்ள மீனா, அகிலாண்டேஸ்வரிக்குள்ள அகிலா, வடிவுக்கரசிக்குள்ள வடிவு. இப்படி வச்சா ரெண்டும் ஒரே ஆளுன்னு கேட்கிறவங்களுக்கு உடனே புரியும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம ரெண்டு பேரு வச்சா, அந்தப் பிள்ளைதான் ஆயுசு முழுக்க அதுக்கு விளக்கம் சொல்லிட்டே இருக்கணும்.

எங்க அம்மாவைப் பெத்த ஆச்சி கதையைச் சொன்னா புரியும். அவங்க பேரு உலகம்மாள். ஊர்ல ஒருத்தருக்கும் அது தெரியாது, எல்லாருக்கும் செல்லம்மாதான். நிலம் வாங்கினப்போ பத்திரத்துல செல்லம்மாள்னே எழுதிட்டாங்க, பட்டாவிலயும் அப்படியே ஏறிடுச்சு. "செல்லம்மாள், க/பெ" போட்டு தாத்தா பேரு. அப்புறம் வந்த ரேஷன் கார்டு, ஆதார், வோட்டர் ஐடி எல்லாத்துலயும் உலகம்மாள். ஆச்சி தவறினாங்க. இறப்புச் சான்றிதழ்லயும் உலகம்மாள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி பட்டாவை மாத்தலாம்னு அம்மா போனா, செல்லம்மாளும் உலகம்மாளும் ஒரே ஆளுன்னு எப்படி நம்புறதுன்னு ஆபீஸ்ல கேட்கிறாங்க. அவங்க கேட்கிறதுலயும் நியாயம் இருக்கு, காகிதத்துல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்களே! ரெண்டு பேரும் ஒருத்தரேன்னு சான்று வாங்கறதுக்காக அம்மா அந்தப் பழைய பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு நெஞ்சோட அணைச்சுகிட்டு அலைஞ்சதை நான் பார்த்திருக்கேன். ஆச்சியோட கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல "உலகம்மாள் (எ) செல்லம்மாள்"னு அடிச்சாங்க. கல்யாணப் பத்திரிகையில எல்லாம் பார்ப்பீங்கல்ல, அதே (எ). அந்த ஒரு எழுத்து பட்டாவுல இருந்திருந்தா எங்க அம்மாவுக்கு அவ்வளவு அலைச்சல் இல்ல.

சரி, அப்போ நேரா மதின்னே சர்டிஃபிகேட்ல எழுதிடலாமேன்னு என் வீட்டுக்காரர் சொன்னார். சின்னப் பேரு, ஃபாரத்துல எழுத ஈசி, வெளிநாடு போனாலும் வெள்ளைக்காரன் வாயில நுழையும்னார். அவர் சொன்னதைத் தள்ள முடியலை, ரெண்டு நாள் யோசிச்சுட்டே இருந்தேன். அப்புறம் இப்படித்தான் எனக்குத் தோணுச்சு. காந்திமதின்னு எழுதிட்டா, வளர்ந்தப்புறம் அவ மதின்னு சொல்லிக்கலாம், காந்தின்னு சொல்லிக்கலாம், முழுசாவும் சொல்லிக்கலாம். எதுவா இருந்தாலும் அவ இஷ்டம், யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். மதின்னு மட்டும் எழுதிட்டு, பின்னால ஒரு நாள் அவளுக்கு ஆச்சி பேரு முழுசா வேணும்னு தோணுச்சுன்னா? அரசிதழ்ல விளம்பரம் குடுத்து, ஒவ்வொரு ஆவணமா மாத்தணும். பெரிய பேருல இருந்து சின்னப் பேரை எடுக்கிறது வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடும். சின்னதைப் பெருசாக்கறதுக்குத்தான் கெஜட் வரைக்கும் போகணும். இதைச் சொன்னதும் அவரும் சரின்னுட்டார்.

வீட்டுப் பேரே நிலைச்சுப் போய் அழகா அமைஞ்சதும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. கர்நாடக சங்கீதப் பாடகி டி.கே. பட்டம்மாள் அம்மாவுக்குப் பிறந்தப்போ வச்ச பேரு அலமேலு. செல்லமா பட்டான்னு கூப்பிட்டாங்க, கடைசியில உலகத்துக்கே பட்டம்மாள் ஆகிட்டாங்க. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா வீட்டுல குஞ்சம்மா. அந்தக் குஞ்சம்மா வீட்டோட இருந்துச்சு, சுப்புலட்சுமி மேடை ஏறிச்சு. எனக்கு இந்த ரெண்டாவது வழிதான் மனசுக்குப் பிடிச்சிருக்கு. பிள்ளையை அம்மு, பட்டு, தங்கம்னு எப்படி வேணும்னாலும் கொஞ்சுங்க, அதுக்குக் கணக்கே கிடையாது. எங்க வீட்டுலயே அவளுக்கு மதியைத் தவிர இன்னும் பத்து பேரு இருக்கும். அதெல்லாம் காகிதத்துல ஏற வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, பேச்சோட பேச்சா சொல்றேன். எம்.எஸ்.ல வர்ற எஸ் அவங்க அம்மா சண்முகவடிவு. எம்.எல்.வி.ன்னு சொல்ற பாடகி எம்.எல். வசந்தகுமாரி பேருல வர்ற எல் அவங்க அம்மா லலிதாங்கி. அம்மா பேரு இனிஷியலா நிக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. பொண்ணு பெத்தவங்க இதையும் மனசுல வச்சுக்கோங்க.

இப்போ ஆபீஸ் விவரத்துக்கு வர்றேன். குழந்தை பிறந்த 21 நாளுக்குள்ள பிறப்பைப் பதியணும், ஆஸ்பத்திரியில பிறந்தா அவங்களே பதிஞ்சிடுவாங்க. அந்த நேரத்துல பேரு முடிவாகலைன்னா பதறாதீங்க. பேரு இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிஞ்ச தேதியில இருந்து 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேர்க்கலாம். அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனா ஒரு தடவை பேரு ஏறிடுச்சுன்னா அதை எடுத்துட்டு வேற பேரு போடுறது நடக்காத காரியம்னே வச்சுக்கோங்க. அதனால அவசரத்துல ஒரு பேரைச் சொல்லிட்டு வந்துடாதீங்க. பெரியவங்க சண்டை ஓயட்டும், மனசு ஒரு பக்கம் நிக்கட்டும், அப்புறம் போங்க. அதுக்குத்தான் அந்த ஒரு வருஷம்.

இப்போ இது முன்னைவிட முக்கியம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியில இருந்து பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளிக்கூடம், டிரைவிங் லைசென்ஸ், வோட்டர் லிஸ்ட், பாஸ்போர்ட், அரசு வேலை, கல்யாணப் பதிவு வரைக்கும் இதுதான். செல்வமகள் சேமிப்புக் கணக்கு திறக்கப் போனாலும் இதைத்தான் கேட்பாங்க. அந்தக் கணக்கு முதிர 21 வருஷம் ஆகும். பாஸ்புக்ல இன்னைக்கு நாம எழுதிக் குடுக்கிற பேரை அவ 21 வருஷம் கழிச்சு கையில வச்சுப் பார்ப்பா.

பாஸ்போர்ட்னதும் ஞாபகம் வருது. அங்க இனிஷியல் எடுக்க மாட்டாங்க, விரிச்சு முழுசா எழுதணும். சர்நேம் கட்டத்தைச் சும்மா விட்டவங்களும் நம்ம ஊர்ல நிறைய. 2022 நவம்பர்ல, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசாவுல வர முடியாதுன்னு யு.ஏ.இ. அறிவிச்சப்போ எத்தனை குடும்பம் தவிச்சுச்சு. அப்புறம்தான் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா போதும்னு சொன்னாங்க. துபாய், ஷார்ஜாவுல ஆளு இருக்கிற வீடுகள் இதைக் கட்டாயம் பாருங்க.

நியூமராலஜி பத்தியும் கேட்டிருந்தீங்க. ஜெயலலிதா அம்மாவே 2001-ல இங்கிலீஷ்ல ஒரு 'ஏ' சேர்த்துக்கிட்டாங்க. நம்பிக்கை இருக்கிறவங்க பார்த்துக்கோங்க, ஆனா எழுத்தைக் கூட்டுறதா இருந்தா சான்றிதழ்ல ஏறுறதுக்கு முன்னாடியே கூட்டிடுங்க. நட்சத்திர எழுத்து நாங்க பார்க்கலை. அத்தை பேருதான்னு முடிவானப்புறம் அதுக்கு வேலை இல்ல.

ஆனா இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மட்டும் விட்டுடாதீங்க. அத்தையோட ஆதார்ல கே-ல ஆரம்பிக்குது, வோட்டர் ஐடியில ஜி-ல ஆரம்பிக்குது, பேங்க் பாஸ்புக்ல நடுவுல ஹெச் கிடையாது. ஒரே காந்திமதி, மூணு விதமா. நான் ஒரு வெள்ளைத்தாள்ல மேல தமிழ்ல காந்திமதி, கீழ இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல G A N D H I M A T H I-ன்னு இடைவெளி விட்டு எழுதி எடுத்துட்டுப் போனேன். மாநகராட்சி மண்டல ஆபீஸ்ல இருந்த அந்தப் பொண்ணு டைப் பண்ணினதும் "ஒரு தடவை படிச்சுக் காட்டுறீங்களா"ன்னு கேட்டேன். அவங்களும் முகம் சுளிக்காம ஸ்க்ரீனை எங்க பக்கம் திருப்பினாங்க. நான் இங்கிலீஷைப் பார்த்தேன், அத்தை தமிழைப் பார்த்தாங்க. அப்புறம்தான் ஓகே குடுத்தோம்.

உங்க வீட்டுப் பாப்பாவுக்கு என்ன பேரு யோசிச்சு வச்சிருக்கீங்க, அதுக்குள்ள இருந்து வீட்டுல கூப்பிட என்ன எடுக்கலாம்னு கமெண்ட்ல எழுதுங்க. ஆச்சி பேரு, அம்மன் பேரு, எதுவா இருந்தாலும் எழுதுங்க. நான் உட்கார்ந்து ஒவ்வொண்ணா பதில் போடுறேன். வர்றேன் மக்களே.