கேள்வி கேட்டபின் ஐந்து நொடி

வணக்கம் நேயர்களே. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களோடு ஒரு விஷயம் பேச வந்திருக்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்கிறோம். கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறோம்?

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து இதை அளந்து பார்த்தார். 1974இல் வெளிவந்த அவருடைய கட்டுரைப்படி, ஆசிரியர்கள் சராசரியாகப் பொறுத்தது ஒரே நொடி. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே மூன்று நொடி வேண்டும் என்றார். நம்மில் பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது இடைவெளியைத்தான்.

ஏழாம் வகுப்பில் கேட்கிறீர்கள்: "கத்திரி வெயில்லகூட மண்பானைத் தண்ணி சில்லுனு இருக்கே, எவர்சில்வர் குடத்துல ஏன் அப்படி இல்ல?" உடனே பதில் வாங்கினால் முதல் பெஞ்சிலிருந்து "ஆவியாதல் சார்" என்று ஒரு சொல் வரும். "வெரி குட்" என்றதும் கதை முடிந்துவிடும். ஐந்து நொடி விட்டுக் கேளுங்கள். "பானையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு, தண்ணி கசிஞ்சு வெளியே காயுது" என்று வரும். பாராட்டாமல், திருப்பிச் சொல்லாமல், இன்னும் மூன்று நொடி அவர்கள் முகத்தையே பாருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து "மழைக்காலத்துல அவ்வளவா குளிராது சார்" என்று ஒரு குரல் வரலாம். காற்றின் ஈரப்பதம் பற்றிய பாடம் அங்கே தானாகத் தொடங்கிவிடுகிறது.

செய்யும் முறை சொல்கிறேன். கேள்வியை ஒரே தடவை, முழுசாகக் கேளுங்கள். "கை தூக்க வேண்டாம், யோசிங்க" என்று சொல்லுங்கள். அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்தையும் நிதானமாக மனசுக்குள் சொல்லுங்கள், சுமார் ஐந்து நொடி ஆகும். பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் "நம்ம இல்ல" என்று யோசிப்பதை விட்டுவிடுவார்கள். கேள்வி கடினமானால் ஒரு நிமிடம் நோட்டில் எழுதவிட்டு, ஒரு நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு பேசவிடுங்கள். வெறும் மௌனமாகப் பதினைந்து இருபது நொடி நீட்டினால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

அமைதி தாங்காமல் நாமே கெடுப்பதுதான் அதிகம். இரண்டாம் நொடியிலேயே கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்போம். பாதி யோசித்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். இல்லையென்றால் "ஒளிச்சேர்..." என்று இழுப்போம், வகுப்பே "...க்கை" என்று கத்தும். அந்தச் சத்தத்தில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் பக்கத்துக்கென்று இன்னொன்று. குடியாத்தம், காட்பாடிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது பேசும் பிள்ளைகள் நிறைய. பதில் மனசில் இருந்தும், அதற்குத் தமிழ்ச் சொல் தேடவே அவர்களுக்குச் சில நொடி போய்விடும். பக்கத்துப் பிள்ளையோடு வீட்டு மொழியிலேயே பேசிப் பார்க்கட்டும், பிறகு தமிழில் சொல்லட்டும். இந்தச் சலுகையை தயவுசெய்து மறுக்காதீர்கள்.

சிலபஸ் முடியாதே என்பீர்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு மாதிரி மனப்பாடக் கேள்விக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. யோசிக்கவேண்டிய கேள்வி ஒரு பீரியடில் பத்து என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னே ஐந்து, பின்னே மூன்று. மொத்தம் 80 நொடி.

"தெரியல மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "சரிம்மா, இன்னும் ரெண்டு பேர் சொல்றதைக் கேளு, மறுபடி உன்கிட்ட வரேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கட்டாயம் அந்தப் பிள்ளையிடம் திரும்பி வாருங்கள். முதல் சில நாள் பிள்ளைகள் திகைப்பார்கள், டீச்சருக்குக் கோபமோ என்று பார்ப்பார்கள். ஏன் பொறுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாளைக்கே போனில் பத்து நிமிடம் உங்கள் பாடத்தைப் பதிவு செய்து, வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். வணக்கம்.