பத்தடிச் சருகில் ஆறுமணிக்குருவி

வணக்கம் மக்களே! கேமரா ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், கை இன்னும் நடுங்குகிறது. ஆறுமணிக்குருவி வந்துவிட்டது! அடையாறு தியசாபிகல் சொசைட்டித் தோட்டத்தில் இல்லை, கிண்டியில் இல்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கிற சருகில்!

அந்தச் சருகின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆகஸ்ட் முதல் அதற்காக அலைந்தேன். வாராவாரம் கூட்டி அள்ளி எரித்துவிடுவார்கள். செயலாளர் மாமாவிடம் நான்கு முறை போனேன். "கொசு வரும்மா" என்றார். கொசு தேங்கின தண்ணீரில்தான் முட்டையிடும், காய்ந்த இலையில் இல்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பத்தடிக்குப் பத்தடி வாங்கிவிட்டேன். பத்தடி! கூட்டுகிற அக்காவே நான்கு மூலைக்கும் செங்கல் வைத்துக் கொடுத்தார். அதில் ஒரு செங்கல் மேல்தான் இன்று காலை அது வந்து நின்றது.

முதலில் குரல்தான் கேட்டது. இரண்டு சீழ்க்கை, அவ்வளவுதான். அப்புறம் குதித்து இறங்கி, அலகால் ஒவ்வொரு இலையாகப் புரட்டியது. ஒரு மண்புழுவைப் பிடித்து இழுக்க, அது நீண்டுகொண்டே வந்தது. கட்டை வாலை ஆட்டும்போதெல்லாம் அடிவயிற்றுச் சிவப்பு தெரிந்தது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிற பறவை அது.

அதனால்தான் செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. களைத்து வந்த பறவை, தன் இடத்தைப் பிடிக்க இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து இரையை விட்டுவிட்டு அலையும். ஒரு படத்துக்காகவா இது? எந்தத் தெரு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். கொடிக்கால் வாலாட்டியும் வந்தாயிற்று! போன அக்டோபரில் காட்டினேனே, மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் உடம்போடு சேர்த்து இடமும் வலமும் ஆட்டும் என்று. அதே மாமரத்தடியில்தான் இந்த முறையும்.

இன்னொன்று. இந்த மாதத்தில் உங்கள் பால்கனியில் ஆறுமணிக்குருவி களைத்து விழுந்து கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் விடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சரி, மணி ஐந்தரை ஆகிவிட்டது. மைக்கோடு மாடிப்படியில் போய் உட்காருகிறேன், ஆறு மணிக்குக் கூப்பிடுகிறதா பார்ப்போம்.