கெட்டி மேளத்துக்கு முந்தைய நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்காருவதை நான் எப்போதும் தவிர்த்துவிடுவேன். மேளக்காரர்கள் அமர்ந்திருக்கும் சிறு மேடைக்குப் பக்கத்தில்தான் என் இடம். மணமேடையில் நடப்பது அங்கிருந்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதை மேளக்காரர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். முகூர்த்தம் நெருங்கும்போது நாகசுரக்காரர், வாசித்துக்கொண்டிருக்கும் கீர்த்தனையைச் சுருக்கி முடித்துக்கொள்வார். தவில்காரர் வலக்கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சரிபார்த்துவிட்டு, இடக்கையில் பூவரசங்கழியைப் பிடித்தபடி, கண்ணைப் புரோகிதரின் கை மேல் வைத்துக் காத்திருப்பார். மண்டபத்தில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு தானாகவே குறையும். கொடுத்து வெகு நேரமாகிவிட்ட அட்சதை, எல்லோருடைய உள்ளங்கையிலும் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். புரோகிதர் கையை உயர்த்தி விரலை ஆட்டுகிறார். கெட்டி மேளம் முழங்குகிறது.

அந்த நொடியில் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? காலையிலிருந்து சமையற்கட்டுக்கும் பந்திக்கும் அலைந்து, யாரோடோ சண்டையும் போட்டு முடித்திருந்த பெண்ணின் தாய், சிரித்துக்கொண்டே அழுவார். அது இயல்புதான். ஆனால் மணமக்களைச் சரியாக அறியாத, அலுவலகத்து நண்பரின் மரியாதைக்காக வந்திருக்கும் ஒருவருக்கும் தொண்டை அடைக்கிறது, கையில் மயிர் நிற்கிறது. தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளம் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். சத்தத்தை மறைக்க எழுப்பப்படும் ஒரு சத்தம், யாரோ ஒருவருடைய கண்ணில் எப்படி நீரை வரவழைக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் மேளம் வைக்கவில்லை. செலவைக் குறைப்பதற்காக, பதிவு செய்யப்பட்ட மங்கல இசையைக் கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கியில் விட்டார்கள். தாலி கட்டும் நேரம் வந்தது, புரோகிதர் கையை உயர்த்தினார், ஒரு பையன் பதறிப்போய்த் திரையைத் தட்டினான். முதலில் ஒரு விளம்பரம் ஓடியது. அதைத் தள்ளிவிட்டுக் கெட்டி மேளத்துக்கு வருவதற்குள் மூன்றாவது முடிச்சு விழுந்துவிட்டது. பிறகு ஒலித்த மேளத்தில் குறை ஒன்றும் இல்லை. தேர்ந்த வித்துவான்கள் வாசித்த நல்ல பதிவு. ஆனாலும் யாரும் அழவில்லை, சிலர் சிரித்தார்கள். ஒலி இருந்தது, அதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய நொடி மட்டும் இல்லாமல் போயிருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம் வலுத்துவிட்டது. இசையில் நம்மை உலுக்குவது உச்சம் அன்று. தெரிந்த ஒன்று வரப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் அந்த இடைவெளியே நம்மை உலுக்குகிறது.

உணர்ச்சி உடம்பில் தெரிவதைத் தமிழ் மிகப் பழைய காலத்திலேயே தனியாக எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. மெய்ப்பாடு என்ற பெயரிலேயே மெய், அதாவது உடம்பு, இருக்கிறது. இவற்றுள் இசை கேட்கும்போது வரும் சிலிர்ப்புக்கு மிக அருகில் இருப்பது மருட்கை, அதாவது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் வழியாகப் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். மாணிக்கவாசகரோ அந்தச் சிலிர்ப்பையே சொல்லில் பிடித்துவிட்டார். ‘மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து’ என்று திருவாசகத்தின் திருச்சதகம் தொடங்குகிறது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் சிறு மொட்டுப்போல் புடைத்துக்கொள்வதற்கு ‘அரும்பி’ என்பதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரை கேட்டதில்லை. ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை இருக்கிறது. குளிரிலும் அச்சத்திலும் அது தானே சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது. நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் நரம்புகளின் வேலை அது. குளிருக்கும் புலிக்கும் என்று அமைந்த அந்த ஏற்பாடு, ஒரு பாட்டுக்கும் ஏன் விழித்துக்கொள்கிறது?

இதை ஆய்வுக்கூடத்தில் தேடியவர்கள் உண்டு. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்லோபோடா என்ற உளவியலாளர், 83 பேரிடம், எந்த இசை எந்த இடத்தில் உங்கள் உடம்பை அசைக்கிறது என்று விசாரித்து 1991ஆம் ஆண்டில் எழுதினார். கண்ணீர் வந்ததாகச் சொல்லப்பட்ட இடங்களில், அடுத்த சுரத்தின் மேல் சாய்ந்து நின்று, சற்றுத் தாமதித்துப் பிறகு அதில் இறங்கும் சுரங்கள் அடிக்கடி வந்தன. சிலிர்ப்பு வந்த இடங்களிலோ, காது எதிர்பார்க்காத திருப்பங்கள் மிகுந்திருந்தன. நம்மூர்க் கச்சேரியில் பாடகர் மேல் சட்சத்துக்கு, அதாவது மேல் ‘ஸ’வுக்கு, ஒரு படி கீழே ‘நி’ என்ற நிஷாதத்தில் நின்றுகொண்டு, ஏறாமல், இறங்காமல், அதையே அசைத்து அசைத்துக் காட்டும்போது, சபையில் பாதிப் பேருடைய தலை தாமாகவே சட்சத்தை நோக்கி நிமிர்வதை நீங்கள் கண்டிருக்கலாம்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே ஆகியோரின் குழு 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருங்கிப் போனது. இசை கேட்டால் உறுதியாகச் சிலிர்ப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, அவரவருக்குப் பிடித்த இசையையே கொண்டுவரச் சொல்லி, அதைக் கேட்கும்போது மூளையில் நடப்பதைப் படமெடுத்தார்கள். டோபமைன் என்ற வேதிப்பொருள் இரண்டு கட்டங்களில் சுரந்தது. உச்சம் வந்தபோது மூளையின் ஒரு பகுதி அதில் நனைந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பே, உச்சம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பின்போது, வேறொரு பகுதி நனைந்துவிட்டிருந்தது. பசியில் சாம்பார் தாளிக்கும் மணம் வந்ததுமே நாக்கு ஊறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. அவர்கள் கொண்டுவந்தது ஏற்கெனவே பலமுறை கேட்டு, எங்கே என்ன வரும் என்று மனப்பாடமான இசை. புதிதாக எதுவும் காத்திருக்கவில்லை. தெரிந்ததற்காகவே காத்திருந்தார்கள்.

இதைத் தெரிந்துகொள்ள மாண்ட்ரியல் வரை போக வேண்டியதில்லை என்று என் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் திண்டிவனத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வளர்ந்தவன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள் கணக்கில் நடக்கும். இரவு பத்து மணிக்குமேல் கூத்தின் கோமாளியாகிய கட்டியங்காரன் வந்து கலகலப்பாக்கிவிட்டுப் போவான். பிறகு இரண்டு பேர் ஒரு வேட்டியளவு திரையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும், அதில் பதித்த கண்ணாடித் துண்டுகளும் தெரியும். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய இரண்டு பாதங்கள் தெரியும். நடுவில் இருப்பவர் யார் என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து ஊரில் ஏர் ஓட்டுகிறவர், மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார், நானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனாலும் திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய விருத்தம் கிளம்பி, முகவீணை என்ற சிறு ஊதுகருவி அதை ஒட்டிக்கொண்டே ஏறி, மத்தளம் அதுவரை அடக்கமாக உருட்டிக்கொண்டிருந்து, சலங்கைக் கால்கள் தரையை இரண்டு முறை உதைத்தவுடன், பத்து வயதுப் பையனாகிய எனக்கு முதுகுத்தண்டு குளிரும். திரை விலகி அவர் சுழன்று வெளியே வரும்போது அந்தக் குளிர் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும். துரியோதனனைப் பார்த்து நான் பயந்ததில்லை. திரையைப் பார்த்துத்தான் பயந்தேன்.

துகிலுரியும் இரவில் என் பாட்டி அழுவார். அறுபது ஆண்டுகளாகப் பார்க்கிற கூத்து அது. சேலை வளரும் என்பதும், பதினெட்டாம் போர் முடிந்து படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையைப் பீமன் அடிப்பான் என்பதும், அதன் பிறகு அம்மன் கூந்தலை முடிப்பாள் என்பதும் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ‘முடிவு தெரியுமே, ஏன் அழுகிறாய்?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘தெரியறதாலதான்டா அழுவுறேன்’ என்றார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

தொல்காப்பியர் புதுமையை வியப்பின் முதல் காரணமாகச் சொல்லியிருக்க, நான் தெரிந்ததையே பிடித்துக்கொண்டு நிற்கிறேனே என்று ஒரு தமிழாசிரியர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதே நூற்பாவில் நான்காவதாக வரும் ஆக்கம் என்ற சொல்லை அவருக்குக் காட்டுவேன். ஒன்று மற்றொன்றாக ஆவது என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. ஏர் ஓட்டுகிறவர் திரைக்குப் பின்னே துரியோதனனாக ஆகிறார். மகள் மூன்று முடிச்சில் இன்னொரு வீட்டுக்காரியாக ஆகிறாள். என்ன ஆகப்போகிறது என்று தெரிந்திருந்தாலும், ஆகும் கணம் ஒவ்வொரு முறையும் புதிதுதான்.

எவ்வளவு சிறிய மாற்றம் போதும் என்பதற்கு ஓர் ஆர்மோனியம் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். சட்சத்தை ஒரு கட்டைச் சுருதியில், அதாவது மேற்கத்திய இசையின் ‘C’ கட்டையில், வைத்துக்கொண்டு மோகன இராகத்தை வாசியுங்கள். அதன் காந்தாரம், அதாவது ‘க’ என்ற சுரம், ஒரு வெள்ளைக் கட்டையில் விழும். விரலை அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டைக்கு நகர்த்துங்கள். மற்ற நான்கு சுரங்களும் அப்படியே இருக்கின்றன. விடிகாலைபோல மலர்ந்திருந்த மோகனம் சிவரஞ்சனியாகி, வீட்டில் யாரோ இல்லை என்பதுபோல ஒலிக்கத் தொடங்கிவிடும். திரைப்படத்தில் துயரக் காட்சிக்கு இந்த இராகத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்தப் பழக்கமும் நம் துயரத்தில் ஒரு பங்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. அகில இந்திய வானொலியின் அடையாள இசை, தம்புராவின் மேல் வயலின் எழுந்து வரும் அந்தச் சில நொடி மெட்டு, சிவரஞ்சனியைத் தழுவியது என்பார்கள். அதை அமைத்தவர் வால்ட்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டில் பிறந்த யூதர். 1934இல் ஐரோப்பாவை விட்டு வந்து, 1946 வரை பம்பாயில் வாழ்ந்தவர். எங்கள் வீட்டில் வால்வு வைத்த வானொலிப் பெட்டி இருந்தது. குமிழைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே மஞ்சள் விளக்கு எரியும், சூடேறிய தூசியின் மணம் வரும், மெல்லிய இரைச்சல் கேட்கும், அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் திரியை ஏற்றிக்கொண்டிருப்பார். அதன் பிறகு அந்த மெட்டு. இன்று எங்கேனும் அதைக் கேட்க நேர்ந்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அது காஃப்மனின் துயரமா, இராகத்தின் துயரமா, அம்மாவின் அடுப்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் தொட்டவுடன் பாடும் கருவியில் முதன்முதலாக அதைக் கேட்டிருந்தால் இந்தக் கனம் இருந்திருக்காது என்று மட்டும் நினைக்கிறேன்.

அதனால்தான் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் எனக்குச் சலிப்பைத் தருகின்றன. குழந்தை பல்லவியை எடுத்து முடிப்பதற்குள் அதன் தாயின் முகத்தைக் காட்டுகிறார்கள், நடுவரின் கைக்குட்டையைக் காட்டுகிறார்கள், குடும்பத்தின் வறுமையை முன்கூட்டியே படமெடுத்து வைத்திருக்கிறார்கள், அடியில் ஒரு வயலின் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாம் எங்கே அழ வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்துவிட்ட பிறகு, நமக்குக் காத்திருக்க என்ன மிச்சம்? இவ்வளவு சொல்கிற நானும் அவற்றைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன்; கலங்கிய பிறகு யாரோ என் பையில் கைவிட்டு எடுத்ததுபோல எரிச்சலும் அடைந்திருக்கிறேன்.

அண்மையில் ஒரு திருமணத்தில், பந்திக்குப் போகும் வழியில், மூத்த தவில் வித்துவான் ஒருவரிடம் கேட்டேன். ஆயிரக்கணக்கான முகூர்த்தங்களுக்கு வாசித்தவர். கெட்டி மேளம் கொட்டும்போது உங்களுக்கு ஏதாவது தோன்றுமா என்றேன். அவர் விரலிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சிறு டப்பாவில் போட்டபடியே சொன்னார்: ‘எனக்கு எங்கேங்க தோணும்? என் கண்ணெல்லாம் ஐயர் கையிலதானே இருக்கும். கை எழும்பினா அடிக்கணும், அவ்வளவுதான்.’ டப்பாவை மூடிவிட்டுச் சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். ‘என் பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் நான் வாசிக்கலீங்க. வெளியூர் செட்டு வந்திருந்தாங்க. நான் மேடையில பொண்ணு பக்கத்துல நிக்கிறேன். அந்தத் தவில்காரத் தம்பி வாசிக்கிறதை நிறுத்திட்டு, கழியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஐயர் கையைப் பார்த்தான் பாருங்க, அடி இன்னும் விழல, எனக்கு அப்பவே பொலபொலன்னு வந்துடுச்சு.’

வணக்கம்.