உருகிய உப்பில் மின்சாரத்தைச் சுமப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். உப்பைப் பாத்திரத்தில் போட்டு எவ்வளவு நேரம் வறுத்தாலும் அது உருகுவதில்லை. சாதாரண உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன் உறவுக்கார உப்பான சோடியம் ஃபுளோரைடுக்கு ஏறக்குறைய 1000 டிகிரி. உருகிவிட்டாலோ, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் முழுக்க முழுக்க அயனிகளாலான திரவம் கிடைக்கும். கடல்நீரைவிட நாற்பது மடங்குக்கும் மேல் மின்சாரத்தைக் கடத்தும் உருகிய ஃபுளோரைடுகள் உண்டு.

உங்கள் வீட்டில் அலுமினியப் பாத்திரமோ ஜன்னல் சட்டமோ இருக்கும். அந்த உலோகம் இப்படிப்பட்ட திரவத்திலிருந்துதான் வந்தது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினா தனியாக உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். சோடியமும் அலுமினியமும் உள்ள கிரையோலைட் என்ற ஃபுளோரைடு உப்பை உருக்கினால், அலுமினா அதில் சுமார் 960 டிகிரியிலேயே கரைந்துவிடுகிறது. அதில் மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம் பிரிந்து வரும்.

இதை 1886இல் இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்: அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்சில் பால் எரூ. இருவரும் பிறந்தது 1863இல், இறந்தது 1914இல். ஹாலின் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. வீட்டை ஒட்டிய கொட்டகையில், உருக்கும் கிண்ணமான களிமண் மூசையில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். பளபளப்பான உலோகம் வரவில்லை, சாம்பல் நிறத்தில் என்னவோ படிந்தது. அலுமினாவைக் கரைக்கிற அந்தத் திரவம் களிமண்ணில் இருந்த சிலிக்காவையும் கரைத்துவிட்டது என்று அவர் ஊகித்தார். மூசையின் உள்ளே கரிப்பூச்சு கொடுத்தார். பிப்ரவரி 23 அன்று அலுமினிய உருண்டைகள் கிடைத்தன. அந்தத் தொல்லை இன்றும் தீரவில்லை. ஆலைகளில் தொட்டிச் சுவரைக் காப்பது, சுவரோரம் உறைந்து நிற்கும் அதே உப்புதான்!

சரி, என் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தொட்டியில் மின்சாரத்தைச் சுமப்பது யார்? அலுமினியம் என்றுதான் தோன்றும். இல்லை, ஏறக்குறைய முழுவதையும் சுமப்பது சோடியம் அயனி. கூட்டத்தில் தனியாளாகப் போகிறவர் சந்து கிடைத்த பக்கம் நுழைந்துவிடுவார். நாலைந்து பேர் கைகோத்துப் போனால் நகர்வது கஷ்டம். அலுமினியத்தைச் சுற்றி நான்கு, ஐந்து, ஆறு ஃபுளோரைடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோடியம் தனியாள். எதிர்மின்முனைவரை வந்து சேர்வது சோடியம். அங்கே உலோகமாகப் படிவது அலுமினியம். சுமப்பவர் ஒருவர், படிபவர் இன்னொருவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பலரும் இந்த வெப்பநிலையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். இன்றைய கரி நேர்மின்முனை எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. உலோக மின்முனை வைத்தால் ஆக்சிஜன் வரும், ஆனால் 960 டிகிரியில் அந்த மின்முனை அரித்துப்போகும். அலுமினியம் 660இல் உறைவதால் அதற்குக் கீழும் போக முடியாது. ஆகவே 700, 750 டிகிரி. அலுமினியம் ஃபுளோரைடைக் கூடுதலாகச் சேர்த்தால் உருகுநிலை இறங்கும். ஆனால் தனியாட்கள் குறைவதால் கடத்துதிறனும் இறங்கும், அலுமினாவும் குறைவாகவே கரையும். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் வைத்தால் அலுமினா நன்றாகக் கரையும், ஆனால் பொட்டாசியம் கரி எதிர்மின்முனைக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும். உருகுநிலையை மட்டும் பார்த்து உப்பைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சுமப்பவர் யார், அவருக்கு வழி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

நேரம் முடியப்போகிறது, அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் ஃபுளோரைடு உப்புகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பொட்டாசியம் ஃபுளோரைடுடன் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இரண்டு பங்கு சேர்ந்தால் 72 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஃபுளோரின் வாயுவை இன்றும் இந்தத் திரவத்தில் மின்சாரம் பாய்ச்சித்தான் தயாரிக்கிறார்கள். பொட்டாசியத்தின் இடத்தில் இமிடசோலியம் என்ற கரிம அயனியை வைத்தால் 25 டிகிரியிலேயே கடல்நீரைப் போல இரண்டு மடங்கு கடத்தும் திரவம் கிடைக்கிறது. நன்றி, வணக்கம்.